அறுபதைக் கடந்த முழங்கால்களுக்கு நாற்காலி யோகம்: வீட்டில் செய்யும் முறை

முழங்கால் தேய்மானம் என்று எக்ஸ்ரே அறிக்கை வந்ததும் பல வீடுகளில் பெரியவர்கள் நடமாட்டத்தைக் குறைத்துக்கொள்கிறார்கள். வேறு சில வீடுகளில் கைப்பேசிக்கு வந்த வீடியோவைப் பார்த்துவிட்டு, வலிக்கிற காலை மடக்கி வஜ்ராசனத்தில் உட்காரப் பழகுகிறார்கள். இரண்டுமே மூட்டுக்கு நல்லதல்ல. இந்த வயது முழங்காலுக்கு முதல் தேவை முன்தொடையிலும் இடுப்பிலும் பலம். அடுத்து, வலிக்காத எல்லைக்குள் மூட்டுக்குத் தினமும் கொஞ்சம் அசைவு. மூன்றாவது, விழாமல் நிற்கும் நிதானம். ஒரு நாற்காலி, ஒரு சுவர், ஒரு துண்டு, ஒரு கட்டில் இருந்தால் இந்த மூன்றையும் வீட்டிலேயே பழகலாம்.

மூட்டில் எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு நேரடி ரத்த ஓட்டம் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் திரவத்திலிருந்துதான் அதற்கு ஊட்டம் போகிறது. மூட்டு அழுந்தித் தளரும்போதுதான் அந்தத் திரவம் உள்ளே புகுந்து வெளியே வரும். அதனால் நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கும் முழங்கால் இறுகிப்போகிறது. இன்னொன்றும் நடக்கிறது. மூட்டில் வலியும் வீக்கமும் இருந்தால் முன்தொடைத் தசையைச் சுருங்கவிடாமல் நரம்புகளே தடுக்கும். தசை மெலிகிறது. தாங்கிப் பிடிக்கத் தசை இல்லாததால் மூட்டின் மேல் சுமை கூடுகிறது, வலி இன்னும் அதிகமாகிறது. படியிறங்கும்போது கால் "விட்டுவிடுவது" போலத் தோன்றுவதற்குப் பெரும்பாலும் இந்தத் தசைத் தளர்ச்சிதான் காரணம். தேய்ந்த குருத்தெலும்பை எந்த ஆசனமும் திரும்ப வளர்க்காது. தசையை எந்த வயதிலும் வளர்க்க முடியும். எண்பது வயதிலும் முடியும்.

சென்னையில் 1976இல் டி.கே.வி. தேசிகாச்சார் தொடங்கிய கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரம், ஆளுக்குத் தக்கபடி ஆசனத்தை மாற்றிக் கற்றுக்கொடுக்கும் மரபைச் சேர்ந்தது. மூச்சு முதலில் தொடங்கும், அசைவு அதைப் பின்தொடரும் என்பது அங்கே அடிப்படைப் பாடம். பீகாரில் முங்கேரில் சுவாமி சத்யானந்த சரஸ்வதி ஒழுங்குபடுத்திய பவனமுக்தாசன வரிசையோ கால்விரலில் தொடங்கி ஒவ்வொரு மூட்டாக மேலே வருகிறது. கீழே உள்ள வரிசையில் இரண்டின் சாயலும் உண்டு. கூடவே, முழங்கால் தேய்மானத்துக்குப் பிசியோதெரபியில் வழக்கமாகக் கொடுக்கும் பலப் பயிற்சிகளையும் சேர்த்திருக்கிறோம். அவற்றை விட்டுவிட்டு மடக்கி நீட்டுவதை மட்டும் செய்தால் பலன் பாதிதான்.

முதலில் மருத்துவரிடம் போக வேண்டியவர்கள்

முழங்கால் சூடாகச் சிவந்து வீங்கியிருந்தால், அதிலும் காய்ச்சலும் சேர்ந்திருந்தால், அன்றே மருத்துவரைப் பாருங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால், ரத்தக்குழாய்க்குள் ரத்தம் உறைந்திருக்கக்கூடும். அதைத் தேய்த்துவிடுவதும் கூடாது, பயிற்சி செய்வதும் கூடாது. விழுந்த பிறகு காலை ஊன்ற முடியாமல் போவது, மூட்டு பாதியில் பூட்டிக்கொண்டு நீட்டவே வராமல் இருப்பது, ஓய்விலும் தூக்கத்தைக் கெடுக்கும் வலி ஆகியவையும் இந்தப் பட்டியலில் சேரும்.

காலையில் எழுந்ததும் மூட்டில் தெரியும் விறைப்பு எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துவையுங்கள். தேய்மானத்தில் அது பொதுவாக அரைமணி நேரத்துக்குள் விலகிவிடும். ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால், கூடவே இரண்டு கைகளின் விரல் மூட்டுகளும் வீங்கினால், முடக்குவாதமா (ருமட்டாய்டு மூட்டழற்சி) என்று ரத்தப் பரிசோதனையில் பார்க்க வேண்டும். அதற்கு மருந்து உண்டு. பயிற்சியை மட்டும் நம்பி மாதங்களைக் கடத்தினால் மூட்டு நிரந்தரமாகச் சிதையும்.

சிக்குன்குனியா வந்து போனவர்களுக்கு மூட்டுவலி மாதக்கணக்கில் இழுக்கலாம். அவர்கள் இங்குள்ள உட்கார்ந்து செய்யும் பகுதியை மட்டும், எண்ணிக்கையைப் பாதியாக்கிச் செய்தால் போதும்.

சிலருக்குச் சில அசைவுகளே ஆகாது:

- எலும்பு மெலிவு உள்ளவர்கள் முதுகை வளைத்து முன்னால் குனியக் கூடாது. பச்சிமோத்தானாசனமும் பாதஹஸ்தாசனமும் வேண்டாம். மெலிந்த முதுகெலும்பு குனியும்போது நொறுங்கக்கூடும். உடலை வேகமாகத் திருக்குவதும் ஆபத்து.
- கிளாக்கோமா உள்ளவர்கள் தலையை இதயத்துக்குக் கீழே கொண்டுபோகக் கூடாது. கண் அழுத்தம் ஏறும்.
- ரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்கள் மூச்சை அடக்கக் கூடாது. கும்பகம் வேண்டாம்.
- இடுப்பு மூட்டு மாற்று அறுவை ஆனவர்கள், அறுவை செய்த மருத்துவர் சொன்ன எல்லையைக் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். பின்பக்கமாகத் திறந்து செய்த அறுவை என்றால், தொடையை 90 பாகைக்கு மேல் மடக்குவது, கால்மேல் கால் போடுவது, பாதத்தை உள்பக்கம் திருப்புவது மூன்றும் மூட்டைக் கழற்றிவிடக்கூடும்.
- சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் செய்ய வேண்டாம். சர்க்கரை அல்லது குளுக்கோஸ் பக்கத்தில் இருக்கட்டும். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் பயிற்சிக்கு முன்னும் பின்னும் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். குனிந்து பார்க்க முடியாவிட்டால் தரையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பாருங்கள்.

நாற்காலி, இடம், நேரம்

நான்கு கால்களும் தரையில் சமமாகப் பதியும் மரநாற்காலி அல்லது கனமான இரும்பு நாற்காலி வேண்டும். வீட்டுக்கு வீடு இருக்கும் பிளாஸ்டிக் நாற்காலி இதற்கு ஒத்துவராது. டைல்ஸ் தரையில் அதன் கால்கள் அகன்று வழுக்கும். முன் விளிம்பில் உட்கார்ந்தால் கவிழும். சக்கரம் வைத்த நாற்காலியையும் மடக்கு நாற்காலியையும் தொட வேண்டாம். நாற்காலியின் முதுகு சுவரில் ஒட்டியிருக்கட்டும்.

உயரம் சரியா என்று பார்க்க, உட்கார்ந்து இரு பாதங்களையும் முழுதாக ஊன்றுங்கள். தொடை தரைக்கு இணையாகவோ, இடுப்பு முழங்காலைவிடச் சற்றே உயரமாகவோ இருக்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு 43 முதல் 45 செ.மீ. உயரம் பொருந்தும். குள்ளமானவர்கள் பாதத்துக்குக் கீழே கெட்டியான மனைப்பலகை வைத்துக்கொள்ளலாம். நிற்கும் பயிற்சியின்போது அந்தப் பலகையை அகற்றிவிட வேண்டும்.

வெறுங்கால்தான் நல்லது. சாக்ஸ் போட்டுக்கொண்டு டைல்ஸ் மேல் நிற்கக் கூடாது. முழங்காலுக்குத் தைலம் தேய்ப்பது பலருக்கு இதமாக இருக்கும், ஆனால் அதைப் பயிற்சி முடிந்த பிறகு செய்யுங்கள். எண்ணெய் பட்ட பாதம் வழுக்கும். புடவை கட்டியவர்கள் கொசுவம் காலில் மாட்டாதபடி தூக்கிச் செருகிக்கொள்ள வேண்டும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொள்ளலாம்.

விடிந்ததும் விறைப்போடு தொடங்காதீர்கள். எழுந்து வீட்டுக்குள் நடமாடி, வெந்நீரில் குளித்த பிறகு மூட்டு எளிதாக இணங்கும். சாப்பாட்டுக்குப் பின் இரண்டரை மணி நேரமாவது போகட்டும். இரண்டு இட்லி போன்ற சின்ன டிபன் என்றால் ஒரு மணி நேரம் போதும். மொத்தப் பயிற்சி 25 முதல் 30 நிமிடம். முதல் வாரம் 12 நிமிடம் செய்தாலே போதுமானது.

வலிக்கு ஒரு கணக்கு

வலியே இல்லாமல்தான் செய்ய வேண்டும் என்றால் பலர் தொடங்கவே முடியாது. வலியைப் பொறுத்துக்கொண்டு செய்தாலோ மூட்டு வீங்கும். ஆகவே வலிக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் கொடுங்கள். 0 என்றால் வலியில்லை, 10 என்றால் தாங்கவே முடியாதது. பயிற்சியின்போது 3 வரை போகலாம். முடித்த பின் கூடியிருக்கும் வலி மறுநாள் அதே நேரத்துக்குள் பழைய நிலைக்கு இறங்கிவிட வேண்டும். இறங்கவில்லையா, அடுத்த முறை எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். அடியோடு நிறுத்த வேண்டியதில்லை.

வீக்கத்தையும் தினமும் பாருங்கள். முழங்கால் சில்லின் இருபுறமும் சின்னப் பள்ளம் இருக்கும். அது நிரம்பி மழுங்கியிருந்தால் மூட்டுக்குள் நீர் சேர்ந்திருக்கிறது. அன்று நிற்கும் பயிற்சிகளை விட்டுவிட்டுக் கட்டிலில் செய்யும் இரண்டை மட்டும் செய்யுங்கள். வலி மாத்திரை போட்ட இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள். உடல் தரும் எச்சரிக்கை அப்போது காதில் விழாது.

கட்டிலில் இரண்டு

மிகவும் வலிக்கும் காலுக்கும், இப்போதுதான் தொடங்குகிறவர்களுக்கும் இவைதான் ஆரம்பம்.

துண்டு அழுத்தல்: கெட்டியான மெத்தையில் காலை நீட்டி உட்காருங்கள் அல்லது படுங்கள். ஒரு துண்டைச் சுருட்டி முழங்காலுக்கு அடியில் வையுங்கள். மூச்சை விட்டபடி முழங்காலின் பின்பக்கத்தால் துண்டைக் கீழே அழுத்துங்கள். குதிகால் தானாகச் சற்றே மேலெழலாம். ஐந்து எண்ணும் வரை அழுத்தம் இருக்கட்டும், சத்தமாக எண்ணுங்கள். சத்தமாக எண்ணுகிறவரால் மூச்சை அடக்க முடியாது. சில்லுக்கு மேலே விரலை வைத்துப் பாருங்கள், தசை கல்லாக வேண்டும். புட்டத்தை இறுக்கி ஏமாற்றும் பழக்கம் பலருக்கு வரும். அப்போது தொடை மெத்தென்றே இருக்கும். ஒரு காலுக்கு 10 முறை, இரண்டு சுற்று.

முடிந்ததும் துண்டை எடுத்துவிடுங்கள். இரவில் முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துத் தூங்கும் பழக்கம் இதமாகத்தான் இருக்கும். ஆனால் மாதக்கணக்கில் அப்படிப் படுத்தால் கால் முழுதாக நீட்டும் திறனையே இழக்கும். நேராக நீட்டாத முழங்காலோடு நிற்கும்போது தொடைக்கு ஓய்வே கிடைக்காது. நின்றாலே களைப்பு வரும். இதனால் தவிப்பவர்கள் ஏராளம், காரணம் தெரிந்தவர்கள் குறைவு.

குதிகால் சறுக்கல்: மல்லாந்து படுத்து, மூச்சை விட்டபடி குதிகாலைப் புட்டத்தை நோக்கி இழுங்கள். இறுக்கம் தெரிந்ததும் நின்று, மூச்சை இழுத்தபடி நீட்டுங்கள். கையால் இழுத்து அதிகம் மடக்காதீர்கள். குதிகாலுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் உறை இருந்தால் எளிதாகச் சறுக்கும். ஒரு காலுக்கு 10 முறை.

நாற்காலியில் உட்கார்ந்து

கால்விரல்களை மடக்கி விரிப்பது 10. பாதத்தை ஒரு சாண் முன்னால் தள்ளி, குதிகாலை ஊன்றியபடி மூச்சை இழுத்து முன்பாதத்தைத் தூக்குங்கள், விட்டபடி இறக்குங்கள், 10. பிறகு குதிகால்களைத் தூக்கி இறக்குவது 10. கணுக்கால் இறுகியிருப்பவர்கள் பாதத்தைத் தேய்த்துத் தேய்த்து நடப்பார்கள், நிலைப்படியில் கால் தட்டும். கெண்டைக்கால் தசை வேலை செய்தால் மாலை நேரப் பாத வீக்கமும் குறையும்.

அடுத்து முழங்கால் நீட்டல். நாற்காலியின் உள்பக்கம் வரை தள்ளி, முதுகு நிமிர்ந்து உட்காருங்கள். மூச்சு வெளியேறத் தொடங்கட்டும், அதற்குப் பிறகு ஒரு காலை நீட்டத் தொடங்குங்கள். கால்விரல்கள் உங்களை நோக்கி இருக்கட்டும். மூன்று எண்ணும் வரை நீட்டிப் பிடித்து, மூச்சை இழுத்தபடி நான்கு எண்ணிக்கைக்குள் மெதுவாக இறக்குங்கள். இறக்குவதில்தான் பெரும் பலன் இருக்கிறது. படியிறங்கும்போது தொடை செய்ய வேண்டிய வேலை அதுவேதான். காலைத் தொப்பென்று விட்டுவிட்டால் பயிற்சியில் பாதி போய்விட்டது. நீட்டும்போது முதுகு பின்னால் சாய்கிறதென்றால் பின்தொடை இறுக்கமாக இருக்கிறது. அந்த அளவோடு நிறுத்துங்கள். கடைசியில் வெட்டி நீட்டுவதும் வேண்டாம். சில்லுக்கு அடியில் குத்தினால் முழுதாக நீட்டாமல், குத்தாத பகுதிக்குள்ளேயே ஏற்றி இறக்கலாம். ஒரு காலுக்கு 8 முறை, இடையில் சற்று நிறுத்தி இன்னொரு சுற்று.

இடுப்புக்கு: உட்கார்ந்த இடத்திலேயே ஒரு தொடையை இரண்டு விரற்கடை தூக்கி வைப்பது, பக்கத்துக்கு 8. பிறகு ஒரு பாதத்தைப் பக்கவாட்டில் எடுத்துவைத்துத் திரும்பக் கொண்டுவருவது, பக்கத்துக்கு 8.

கைக்கும் தோளுக்கும் நான்கு நிமிடம் ஒதுக்குங்கள். விரல்களை மடக்கி விரிப்பது 10, கட்டைவிரலால் ஒவ்வொரு விரல்நுனியையும் தொடுவது 5 சுற்று, மணிக்கட்டுச் சுழற்சி பக்கத்துக்கு 5. விரல்நுனிகளைத் தோளில் வைத்து முழங்கைகளால் வட்டம் போடுங்கள், முன்னால் 5, பின்னால் 5. சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் உறைந்துபோவது சகஜம். அவர்கள் சுவரைப் பார்த்து நின்று, விரல்களால் சுவரில் "ஏறி" இறங்குவதை 5 முறை சேர்த்துக்கொள்ளலாம். கழுத்தை முழு வட்டமாகச் சுழற்ற வேண்டாம். தலைசுற்றலும் விழுவதும் அங்கேதான் தொடங்குகின்றன. இடம் வலம் மெதுவாகத் திருப்பினால் போதும்.

எழுந்து உட்காரும் பயிற்சி

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய நேரம் என்றால் இதைச் செய்யுங்கள். உத்கடாசனத்தின் முதியோர் வடிவம் என்று இதைச் சொல்லலாம். கழிப்பறையிலிருந்தும் பேருந்து இருக்கையிலிருந்தும் கட்டிலிலிருந்தும் பிறர் கையைப் பிடிக்காமல் எழுவதற்கு வேண்டிய பலம் முழுக்க இதில் கிடைக்கிறது.

1. நாற்காலியின் முன்பாதிக்கு நகர்ந்து வாருங்கள். பாதங்கள் இடுப்பு அகலத்துக்கு விலகியிருக்கட்டும். குதிகால்கள் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இருக்க வேண்டும். எழ முடியாமல் திணறுகிறவர்களில் பலர் பாதத்தை முன்னால் நீட்டி வைத்துக்கொண்டு எழப் பார்க்கிறார்கள்.
2. முதுகை வளைக்காமல் இடுப்பிலிருந்து முன்னால் சாயுங்கள். மூக்கு கால்விரலுக்கு நேர் மேலே வரட்டும். புட்டம் தானாக லேசாகும்.
3. மூச்சை விட்டபடி குதிகாலால் தரையை அழுத்தி எழுந்து நில்லுங்கள். நின்றதும் ஒரு முழு மூச்சு.
4. மூச்சை இழுத்தபடி புட்டத்தைப் பின்னால் தள்ளி நான்கு எண்ணிக்கையில் உட்காருங்கள்.

5 முறை செய்து ஒரு நிமிடம் ஓய்வு, மறுபடி 5 முறை. கைகளைத் தொடையில் ஊன்றித் தொடங்கலாம். பலம் வரவர மார்பின் குறுக்கே கட்டிக்கொள்ளுங்கள். எழவே வரவில்லை என்றால் கெட்டியான போர்வையை மடித்து இருக்கையை 5 முதல் 8 செ.மீ. உயர்த்துங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு மடிப்பைக் குறைத்துக்கொண்டே வரலாம்.

முழங்கால்கள் எங்கே பார்க்கின்றன என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. அவை பாதத்தின் இரண்டாம் விரலை நோக்கியபடியே இருக்க வேண்டும். இடுப்பின் வெளிப்புறத் தசை தளர்ந்தவர்களுக்கு எழும்போது இரண்டு முழங்கால்களும் ஒன்றையொன்று தொட வரும். அப்படி எழுந்தால் மூட்டின் ஒரு பக்கம் மட்டும் அழுந்தும். தொடைகளைச் சுற்றி ஒரு துண்டைத் தளர்வாகக் கட்டி, அதை வெளிப்பக்கம் தள்ளியபடி எழுந்தால் பழக்கம் திருந்தும். உட்காரும்போது தொப்பென்று விழுவதும் கூடாது. எலும்பு மெலிந்தவர்களுக்கு அந்த ஒரு அதிர்விலேயே முதுகெலும்பு நசுங்கிவிடக்கூடும்.

சுவரோரம் நின்று

முதல் இரண்டு வாரம் இந்தப் பகுதியைத் தவிர்க்கலாம். நிற்கும்போது யாராவது அருகில் இருப்பது நல்லது. கண்ணை மூட வேண்டாம்.

குதிகால் தூக்கல்: சுவரில் உள்ளங்கைகளை வைத்து, மூச்சை இழுத்தபடி குதிகால்களைத் தூக்கி, விட்டபடி மூன்று எண்ணிக்கையில் இறக்குங்கள். 8 முறை.

பக்கவாட்டில் கால் தூக்கல்: ஒரு கையைச் சுவரில் வைத்து, மறுபக்கத்துக் காலை ஒரு சாண் மட்டும் பக்கவாட்டில் தூக்குங்கள். பாதம் முன்னோக்கியே இருக்க வேண்டும், உடல் சாயக் கூடாது. உயரமாகத் தூக்குவதில் பயனில்லை; சாய்ந்துவிட்டால் வேலை செய்ய வேண்டிய தசை ஓய்வெடுத்துக்கொள்ளும். பக்கத்துக்கு 8. ஆடி ஆடி நடப்பவர்களுக்கு இது நடையையே மாற்றும்.

விருட்சாசனம், தரை தொட்டபடி: ஒரு கையின் விரல்கள் சுவரில் இருக்கட்டும். ஒரு குதிகாலை மறு கணுக்காலின் உள்பக்கம் சாய்த்து, அதே காலின் விரல்கள் தரையிலேயே இருக்கட்டும். கண் மட்டத்தில் அசையாத ஒரு பொருளைப் பாருங்கள். 10 நொடியில் தொடங்கி 20 வரை கொண்டுபோகலாம். பாதத்தை முழங்காலின் பக்கவாட்டில் ஒருபோதும் வைக்கக் கூடாது. மூட்டு பக்கவாட்டு அழுத்தத்தைத் தாங்காது.

சின்ன வீரபத்ராசனம்: நாற்காலியின் முதுகை ஒரு கையால் பிடித்து, ஒரு பாதத்தை வழக்கமான நடை அளவுக்கு மட்டும் முன்னால் வையுங்கள். இரண்டு பாதங்களும் முன்னோக்கியே இருக்கட்டும். பின்பாதத்தை வெளிப்பக்கம் அதிகம் திருப்பினால் பின் முழங்கால் முறுக்கிக்கொள்ளும். மூச்சை இழுத்தபடி முன் முழங்காலைச் சற்றே மடக்கி, மறு கையைத் தோள் உயரத்துக்குக் கொண்டுவாருங்கள். விட்டபடி திரும்புங்கள். பக்கத்துக்கு 4 முதல் 6. குனிந்து பார்த்தால் முழங்காலுக்கு முன்னால் கட்டைவிரல் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அதிகமாக மடக்கிவிட்டீர்கள்.

முடிவில் படுத்து

கட்டிலிலேயே செய்யலாம், தரை கட்டாயமில்லை. தரையில் இறங்கத்தான் வேண்டுமென்றால், எழுவதற்கான வழியை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்: ஒருக்களித்துப் படுத்து, கையூன்றி, மடித்த போர்வை மேல் முழங்கால்களை வைத்துத் தவழும் நிலைக்கு வந்து, நாற்காலி இருக்கையில் இரு கைகளையும் ஊன்றி, பலமான காலை முன்னால் வைத்து எழ வேண்டும். முழங்காலை ஊன்றவே முடியாதவர்களுக்குக் கட்டில்தான்.

துவிபாத பீடம்: முழங்கால்களை மடக்கி மல்லாந்து படுங்கள். மடக்குவது கஷ்டமென்றால் குதிகாலைத் தள்ளியே வையுங்கள். மூச்சை இழுத்தபடி புட்டத்தை நான்கு விரற்கடை தூக்கி, விட்டபடி இறக்குங்கள். 6 முறை. பின்தொடைத் தசை இழுத்துப் பிடித்தால் பாதம் அதிகத் தூரத்தில் இருக்கிறது, கொஞ்சம் அருகே இழுங்கள்.

துண்டால் கால் நீட்டல்: உள்ளங்காலில் துண்டை மாட்டி இரு கைகளாலும் பிடித்து, காலை இழுவை தெரியும் அளவுக்கு உயர்த்துங்கள். முழங்கால் சற்றே மடங்கியிருக்கலாம். 5 மூச்சு. ஆட்டி ஆட்டி இழுக்க வேண்டாம். எலும்பு மெலிவு உள்ளவர்களும் இதைச் செய்யலாம், முதுகு படுக்கையிலேயே இருக்கிறது.

கடைசி 5 நிமிடம் சவாசனம். மூச்சை இழுக்க 4 எண்ணிக்கை, விட 6. இழுத்துப் பிடிக்க வேண்டாம். வெளிமூச்சு நீளும்போது தசை இறுக்கம் தளரும், வலி பற்றிய பதற்றமும் இறங்கும். எழும்போது ஒருக்களித்து, ஒரு நிமிடம் உட்கார்ந்த பிறகே நில்லுங்கள். ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்குச் சட்டென்று எழுந்தால் கண் இருட்டும்.

எத்தனை நாள், எப்படிக் கூட்டுவது

உட்கார்ந்தும் படுத்தும் செய்யும் எளிய அசைவுகளைத் தினமும் செய்யலாம். எழுந்து உட்காருவது, சுவரோரப் பயிற்சிகள், துவிபாத பீடம் ஆகிய பலப் பயிற்சிகள் வாரம் மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். ஒரு வாரம் வலிக் கணக்கு மீறாமல் போனால் ஒவ்வொன்றிலும் இரண்டு எண்ணிக்கை கூட்டுங்கள். பலன் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். இரண்டாம் வாரத்தில் "ஒன்றும் தெரியவில்லையே" என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

அளந்து பார்த்தால் நம்பிக்கை வரும். சுமார் 43 செ.மீ. உயர நாற்காலியில், கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, 30 நொடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று மாதம் ஒருமுறை எண்ணுங்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அளவுகோலில், 60–64 வயதில் ஆண்களுக்கு 14க்கும் பெண்களுக்கு 12க்கும் குறைந்தால் சராசரிக்குக் கீழ். 70–74 வயதில் 12, 10. 80–84 வயதில் 10, 9. அதற்குக் கீழே இருந்தால் விழும் அபாயம் கூடுதல். அந்த எண்ணைவிட, சென்ற மாதத்தைவிட ஒன்று கூடியதா என்பதுதான் உங்களுக்கு முக்கியம்.

மற்ற இருபத்து மூன்றரை மணி நேரம்

அரைமணி பயிற்சியை மீதி நாள் கெடுத்துவிடலாம். அரிவாள்மனையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து காய் நறுக்குவதை மேசைக்கு மாற்றுங்கள். ஆழமாக மடங்கிய முழங்காலில் சில்லு தொடையெலும்பின் மேல் கடுமையாக அழுந்துகிறது. கோலம் போட ஒரு சின்ன முக்காலி இருக்கட்டும். பூஜையிலும் பந்தியிலும் நாற்காலி கேட்பதில் குறைவொன்றும் இல்லை. சாப்பிட்டதும் வஜ்ராசனம் என்ற அறிவுரை தேய்ந்த முழங்காலுக்குப் பொருந்தாது, பத்மாசனமும் அப்படியே. மூட்டு நன்றாக இருந்து, வலியில்லாமல் சம்மணம் போட முடிகிறவர்கள் அதை விட வேண்டியதில்லை.

படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். கைத்தடியை வலிக்கும் காலுக்கு எதிர்க்கையில் பிடிக்க வேண்டும். பெரும்பாலானவர்கள் தவறான கையில்தான் பிடிக்கிறார்கள். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் தடியின் பிடி மணிக்கட்டு ரேகைக்கு நேராக வர வேண்டும். எடை அதிகமுள்ளவர்கள் ஒரு கிலோ குறைத்தால், ஒவ்வொரு அடியிலும் முழங்கால் தாங்கும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது.

திருவண்ணாமலை கிரிவலம் போக ஆசைப்படுகிறவர்கள், அது சுமார் 14 கி.மீ. என்பதை மனதில் வைத்து மூன்று மாதம் முன்பே நடையைக் கூட்டத் தொடங்குங்கள். வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டினால் போதும். அந்த மூன்று மாதமும் எழுந்து உட்காரும் பயிற்சியை நிறுத்தாதீர்கள். கிரிவலப் பாதை கடினமான தரை, வெறுங்காலோடு பழகாத பாதம் என்றால் முதலில் அதற்கும் பழக்க வேண்டும். சர்க்கரையால் உணர்ச்சி குறைந்த பாதம் உள்ளவர்கள் வெறுங்காலோடு நடக்கவே வேண்டாம்.

காய்ச்சலோ வெளியூர்ப் பயணமோ வந்து பயிற்சி விட்டுப்போனால், ஒரு வார இடைவெளி வரை விட்ட இடத்திலிருந்தே தொடரலாம். இரண்டு வாரத்துக்கு மேல் போயிருந்தால் பாதி எண்ணிக்கையில் தொடங்கி, இருக்கை மேல் ஒரு மடிப்புப் போர்வையைத் திரும்பப் போட்டுக்கொள்ளுங்கள்.